எல்லைக் கல்லின் இரு பக்கமும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இங்கிலாந்து தேசத்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. முற்காலத்தில் ஈயச் சுரங்கமும் விவசாயமுமே அங்கே பிழைப்பு. ஆலய முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் பழமையான கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ராஜாக்களாலோ யுத்தங்களாலோ அந்த ஊர் பேர்பெறவில்லை. பதினான்கு மாதக் கொள்ளைநோயில் அதன் ஜனங்கள் நடந்துகொண்ட விதத்தினாலேயே பேர்பெற்றது. அதை இன்று நாம் சற்றுச் சிந்திப்போம்.

1665-ஆம் ஆண்டு லண்டன் மாநகரைப் பிளேக் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈம் ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிமூட்டை வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்பது வழிவழியாய் வரும் செய்தி. தையற்காரரின் உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் மாதம் முதலில் மரித்தார். பின்பு அந்த வீட்டார், அடுத்த வீட்டார் என்று மரணம் பரவிற்று. குளிர்காலத்தில் சற்று ஓய்ந்த நோய், 1666 கோடையில் மறுபடியும் எழும்பிற்று.

அவ்வூரில் அப்போது இரண்டு போதகர்கள் இருந்தார்கள். தாமஸ் ஸ்டான்லி மூத்தவர். ஜனங்களின் நேசத்தைப் பெற்றவர். 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு வகுத்த ஜெபப் புத்தகத்துக்கு இணங்க மறுத்ததால் பதவியை இழந்தவர். 1664-ல் வந்த வில்லியம் மாம்பெஸனோ முப்பது வயதும் நிரம்பாத வாலிபர். ஊரார் அவரை மனதார ஏற்கவில்லை. சபைப் பிரிவினையின் கசப்பு நமக்குத் தெரியாததல்ல! ஆனாலும் 1666 ஜூன் மாதம் இவ்விருவரும் சேர்ந்து ஜனங்களுக்கு முன் நின்றார்கள்.

மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. மரித்தவர்களை அவரவர் குடும்பத்தாரே வீட்டுக்கு அருகில் அடக்கம் செய்யவேண்டும். ஆராதனை ஆலயத்துக்குள் அல்ல, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாய் விலகி நின்று நடக்கவேண்டும். மூன்றாவதே மிகக் கடினமானது: நோய் அயலூர்களுக்குப் போகாதபடி ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

வசதியுள்ள சிலர் முன்னமே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மற்றவர்கள் எதை உண்பது? சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபு உணவுப்பொருள்கள் அனுப்பினார். அயலூராரும் அப்பம் முதலானவற்றை எல்லையில் வைத்துப் போனார்கள். அங்குள்ள எல்லைக் கல்லில் குழிகள் உண்டு. அவற்றில் காடியை, அதாவது வினிகரை ஊற்றி, விலைக்கான காசுகளை அதில் போட்டார்கள். வைத்தவர் முகத்தை எடுத்தவர் காணவில்லை. எடுத்தவர் முகத்தை வைத்தவரும் காணவில்லை.

கொடுத்த விலை கொஞ்சமல்ல. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், ஆகஸ்டு மாதத்தில் எட்டே நாட்களுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தாள். அந்தக் கல்லறைகள் வயல்வெளியில் இன்றும் இருக்கின்றன. தம் பிள்ளைகளை முன்னமே வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவரோடு தங்கியிருந்த மாம்பெஸனின் மனைவி காத்தரீனும் அதே மாதம் மரித்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது மாண்டவர் சுமார் 260 பேர்.

அந்தத் தீர்மானம் சரிதானா என்று இன்றும் கேட்கிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, ஊர்ப் பதிவேட்டைக் கொண்டு கணக்கிட்டு, ஏறக்குறைய முக்கால் பங்கு தொற்று மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவியது என்கிறது. அப்படியானால், எல்லையை அடைத்தது வெளியே பலரைக் காத்தது. உள்ளே சிலரை மரணத்துக்கு ஒப்புக்கொடுத்தது. தீர்மானத்தில் பங்கில்லாத சிறு பிள்ளைகளும் அந்த விலையைச் செலுத்தினார்கள். ஆகவே இதை இனிய கதையாகச் சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் நாமும் இதைக் கண்டோம். கொரோனா வார்டு வாசலில் உறவினர் காத்திருந்தார்கள். தகப்பன் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்க மகனுக்கு முடியவில்லை. விலகியிருப்பதும் அன்புதான் என்று அவர்களுக்குச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. அந்நாட்களில் நாம் ஈம் ஊரை நினைத்தோம். உள்ளே இருப்பவர் கட்டுப்பாட்டைக் காக்கவேண்டுமானால், வெளியே இருப்பவர் கல்லின்மேல் அப்பம் வைக்கவேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது. தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு அப்பம் வைக்க மறப்பது அன்பல்ல.

ஈம் ஊரார் இதை மறக்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறு அன்று அதே பள்ளத்தாக்கில் நினைவு ஆராதனை நடக்கிறது. ஈரக் களிமண் பூசிய பலகைகளில் பூவிதழ்களைப் பதித்துப் படங்கள் செய்து, ஊர்க் கிணறுகளை அலங்கரிக்கிறார்கள். பழைய வீடுகளின் முன் மாண்டவர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தொகையாக அல்ல, பெயர் பெயராக அவர்களை நினைக்கிறார்கள்.

அன்பான ஆதரவாளர்களே, உங்களில் அநேகர் நம் நோயாளிகளின் முகத்தை ஒருபோதும் கண்டதில்லை. அவர்களும் உங்களை அறியார்கள். ஆனாலும் கல்லின்மேல் அப்பம் இருக்கிறது. காலையில் யாரோ ஒருவர் வந்து எடுத்துக்கொள்ளுகிறார்.