புகையின் பக்குவம்



கறியைத் தணலில் வாட்டிச் சாப்பிடுவது நமக்குப் பழக்கம். உப்புக்கண்டம் போடுவதும் தெரியும். அது வெயிலின் வேலை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வீட்டுக் கொல்லைகளில் இறைச்சிக்குப் புகை ஊட்டுகிறார்களே, அது இரண்டிலும் சேராது. அங்கே நெருப்பு ஒரு பக்கம் இருக்கும், கறி மறுபக்கம் இருக்கும். சூடான காற்றும் விறகின் புகையும்தான் கறியை வேகவைக்கின்றன.

தென்மாநிலப் பண்ணைகளில் இரவெல்லாம் குழியடுப்பின் அருகே கண்விழித்து இந்தக் கைப்பக்குவத்தை வளர்த்தவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் பங்கு மிகப் பெரியது. அதை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். டெக்சாஸில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய கசாப்புக்காரர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையிலிட்டுத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900-ல் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட் இன்றும் நடக்கிறது.

வீட்டில் தொடங்குகிறவருக்குப் பெரிய அடுப்பு வேண்டியதில்லை. சிகாகோவில் மிதவைகள் செய்யும் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952-ல் உலோகக் கோளத்தை இரண்டாகப் பிளந்து மூடியுள்ள கரியடுப்பு ஒன்றைச் செய்தார். அந்த உருண்டை அடுப்பு போதும். அடுப்பின் விளிம்பை ஒட்டி, பாதி வட்டத்துக்குக் கரித்துண்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், நெருப்பு மணிக்கணக்கில் மெல்ல நகர்ந்து போகும். கரியின்மேல் ஓக், ஹிக்கரி, ஆப்பிள் போன்ற மரத்தின் காய்ந்த துண்டுகள் நாலைந்து. பிசின் வடியும் பைன் மரமோ, சாயம் பூசிய பலகையோ கூடவே கூடாது. கரியடுப்பை வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

புதியவர்கள் பலரும் கறியைத்தான் கவனிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது புகையை. வெள்ளைவெளேரென்று திரண்டு வந்தால் விறகு சரியாக எரியவில்லை, காற்று போதவில்லை என்று பொருள். அந்தப் புகை படிந்த கறி நாக்கில் கசக்கும். மெல்லிய நீலச் சாயலில், இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் அளவுக்கு வரும் புகைதான் நல்ல புகை. அது வரும்வரை கறியை உள்ளே வைக்காதீர்கள். மூடியிலுள்ள துளை திறந்தே இருக்கட்டும். வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த்துளையால். அடுப்பின் வெப்பம் 107 முதல் 121 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் போதும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால் அந்த வெப்பம் நிற்காது.

முதல் முயற்சிக்குப் பன்றியின் முன்சப்பை நல்லது. டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மாட்டு நெஞ்சுக்கறி கொஞ்சம் தவறினாலும் வறண்டுபோகும். சப்பையில் கொழுப்பு பரவியிருப்பதால் நம் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். உப்பும் மிளகும் தடவினாலே போதும். பன்றியோ மாடோ வேண்டாதவர்கள் கோழி வைக்கலாம். அடுப்பைக் கூடுதலாகச் சூடாக்கி, உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டபின் எடுக்க வேண்டும்.

மூன்று கிலோ சப்பைக்குப் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இதில் மனம் தளரும் இடம் ஒன்று உண்டு. கறிக்குள் செருகிய வெப்பமானி சீராக ஏறிக்கொண்டே வந்து, 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில சமயம் இன்னும் கூட. அடுப்பு அணைந்துவிட்டதோ என்று பதறிக் கரியை அள்ளிப் போடுகிறார்கள். உண்மையில் கறியின் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகி அதைக் குளிரவைக்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். ஈரம் குறைந்ததும் வெப்பம் தானாக ஏறும். காத்திருக்க நேரமில்லை என்றால், புகை நன்றாகப் பிடித்தபின் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி மறுபடி உள்ளே வையுங்கள்; மேலோட்டின் மொறுமொறுப்பு சற்றுக் குறையும், நேரம் மிச்சமாகும்.

உட்பகுதி 93 டிகிரியைத் தாண்டும்போது, தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் பெரும்பாலும் ஜெலட்டினாகக் கரைந்திருக்கும். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் எலும்பைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு தனியே வந்தால் வெந்துவிட்டது. உடனே பிய்க்க வேண்டாம், ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு விரலாலேயே நார்நாராகப் பிரிக்கலாம். மிஞ்சியதை வெளியே விடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் சாப்பிடலாம்.