தோலைக் காட்டத் தயங்காதீர்கள்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் சொறி சிரங்கைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். வேதாகமமே அதைப் பேசியிருக்கிறது. லேவியர் ஆகமம் 13ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி தோலில் காணும் தடிப்பையும் வெண்மையையும் பற்றியதுதான். அக்காலத்தில் அவற்றைக் குருவிடம் காட்ட வேண்டும். அவர் தீட்டு என்றால் பாளையத்தை விட்டு வெளியேற வேண்டும். இன்று மருத்துவரிடம் காட்டுகிறோம். வீட்டாரோடு இருந்தபடியே குணமாகிறோம். இருந்தும் பழைய பயம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

தோல் மருத்துவர் என்றால் முகப்பருவுக்கும் முடி உதிர்வதற்கும் களிம்பு தருபவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அவையும் எங்கள் வேலைதான். ஆனால் தோல், முடி, நகம் ஆகிய மூன்றிலும் வரும் எல்லா நோய்களையும் நாங்கள் பார்க்கிறோம். வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். உடம்பிலேயே பெரிய உறுப்பு அதுதான்.

நம் போடி மக்களின் தோலுக்கு வேலை அதிகம். விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறீர்கள். ஈரத்திலும் நிழலிலும் வளர்கிற பயிர் ஏலம். மழைக்காலத்தில் அட்டை கடிக்கிறது. கடித்த இடத்தைச் சொறிந்தால் சீழ் பிடிக்கிறது. மருந்து அடிப்பவர்களுக்குக் கையிலும் முகத்திலும் அரிப்பும் கொப்புளமும் வருவதுண்டு. இதை ஒவ்வாமைக் கரப்பான் என்று விட்டுவிடாமல், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் சிறு சிறு ஒட்டுகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் குளிப்பதும், மருந்து அடித்த உடுப்பைத் தனியாகத் துவைப்பதும் பாதி வைத்தியம்.

சிரங்குக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் இரவில் அரிப்பு அதிகமாகும். பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் போகாது. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். இதுதான் இரகசியம்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். தோல் மெலிந்து வரிவரியாகும். இதனால்தான் 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

வெண்குஷ்டம் என்று தவறாகப் பெயர் வைத்து நாம் ஒதுக்குகிற வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அழிவதால் வருவது. அதற்காக ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்துவது அநியாயம்.

இனித் தொழுநோய். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் இதன் கிருமியைக் கண்டார். இது சாபமன்று, பரம்பரை வியாதியுமன்று. கிருமி நரம்பைத் தாக்குவதால் உணர்ச்சி போகிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூரில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்றும், வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுப்பட்டே அழிகின்றன என்றும் விளக்கினார். மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியும் காட்டினார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கை சுட்டும் தெரியாமல் நிற்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் சொன்னதன் பொருள் விளங்கும்.

1980களில் வந்த கூட்டு மருந்து முறையால் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ இந்நோய் குணமாகிறது. மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது. 2005 இறுதியில் நம் நாட்டில் இந்நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலை வந்தது. குறைந்ததேயன்றி ஒழியவில்லை. கிருமி உள்ளே போய் நோய் வெளிப்படச் சராசரி ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகும்.

ஆகவே ஒன்றை மனத்தில் வையுங்கள். அரிக்கிற தேமலைவிட, அரிக்காத, வலிக்காத, தொட்டால் உணராத தேமலே ஆபத்தானது. வெளிறியோ சிவந்தோ அப்படி ஒன்று இருந்தால் போடி அரசு மருத்துவமனையிலோ தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். மருத்துவர் பஞ்சால் தொட்டுப் பார்ப்பார். முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். காய் பறிக்கிற விரல் மடங்கிவிட்டால் போவது ஒரு நாள் கூலியன்று.

நம் ஆண்டவர் தொழுநோயாளியைக் குணமாக்கியபோது முதலில் கை நீட்டித் தொட்டார் என்று நற்செய்தி கூறுகிறது. யாரும் தொடாத ஒருவரைத் தொட்டார். மருந்தை அரசு தரும். நோயைக் கண்டறிவது எங்கள் கடமை. அந்தக் கை நீட்டும் வேலை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரான உங்களுடையது.