நிறமாலைமானியின் பருமனும் ஒளியிழையின் வாயும்

விண்மீன் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதியும் நிறமாலைமானி, தொலைநோக்கி பெரிதாகுந்தோறும் தானும் பெருத்துவந்திருப்பது வானியற் கருவியியலின் நெடுநாள் இடர்ப்பாடாகும். அதை ஒளியிழைகளைக் கொண்டு எந்த அளவுக்குத் தீர்க்கலாம் என்பதே இம்மாநாட்டின் முதன்மை வினா.

பிரிதிறன் என்பது ஓர் அலைநீளத்தை, அவ்விடத்தில் பிரித்தறியத்தக்க மிகச்சிறு அலைநீள வேறுபாட்டால் வகுத்துப் பெறும் எண். அது 60,000 எனில், 6000 ஆங்ஸ்ட்ராம் அருகே 0.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கும் இரு கோடுகளைத் தனித்தனியே காணலாம். ஆனால், வளிமண்டலக் கலக்கத்தால் விண்மீனின் உருவம் ஏறத்தாழ ஒரு விகலை, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு, அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அப்பரப்பு முழுவதன் ஒளியையும் ஏற்றுக்கொண்டு அதே பிரிதிறனை எட்ட வேண்டுமானால், தொலைநோக்கியின் விட்டம் இருமடங்காகும்போது கருவிக்குள் செல்லும் இணைக்கதிர்க் கற்றையும், அதைத் தாங்கி அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணியும் இருமடங்காக வேண்டும்.

ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, கருவியைப் பெரிதாக்காமல் பிரிதிறனை உயர்த்தினால் ஒளியை இழக்க நேரும் என்பதற்குத் தெளிவான சான்று. அதன் முதன்மைக் குவியத்தில் அமைந்த 100 மைக்ரான் உள்ளகமுடைய ஒளியிழை, வானில் ஏறத்தாழ 2.7 விகலையைத் தழுவி, 45 மீட்டர் அப்பால் அசைவின்றி நிற்கும் எஷெல் நிறமாலைமானிக்கு, அதாவது மிகுந்த சாய்வுடன் உயர் வரிசைகளில் இயங்கும் கீற்றணிக் கருவிக்கு, ஒளியைக் கொண்டுசெல்கிறது. பிளவு இல்லாத நிலையில் பிரிதிறன் 27,000. 60 மைக்ரான் பிளவை வைத்தால் 72,000. கூடுதல் பிரிதிறனுக்கு விலையாகக் கொடுக்கப்படுவது, பிளவின் விளிம்புகளில் தடுக்கப்படும் விண்மீன் ஒளியே. மங்கலான விண்மீன்களை ஆராய்வோருக்கு அது தாங்க முடியாத இழப்பு.

ஒளி ஒரே பாங்கில், அதாவது ஒரே பரவல் வடிவில், மட்டும் பயணம் செய்யுமாறு உள்ளகம் சில மைக்ரான் அளவுக்குக் குறுக்கப்பட்ட ஒற்றைப்பாங்கு இழை, கருவியின் அளவைத் தொலைநோக்கியின் விட்டத்தோடு பிணைக்கும் விலங்கை அறுக்கிறது. அதிலிருந்து வெளிவரும் ஒளியின் பரவலை விளிம்பு விளைவு ஒன்றே வரையறுப்பதால், கருவியின் அளவு தொலைநோக்கியின் விட்டத்தைச் சார்வதில்லை. இழை வளைவதால் ஒளிப்பரவல் மாறி, கோடுகள் இடம்பெயரும் குறையும் பெரிதும் நீங்குகிறது. எனினும், ஒரு விகலை பரவிய உருவத்தை 2 மீட்டர் தொலைநோக்கியிலிருந்து முழுமையாக ஏற்க, கண்ணுக்குப் புலனாகும் அலைநீளங்களில் இத்தகைய இழைகள் சில நூறு தேவைப்படும். பல்பாங்கு இழையைப் பல ஒற்றைப்பாங்கு இழைகளாகப் பிரிக்கும் ஃபோட்டானிக் லான்டர்ன் இதைச் செய்து காட்டினாலும், கீற்றணியில் மிச்சமான இடம் உணரியின் படப்புள்ளிகளில் செலவாகிவிடுகிறது. இக்கணக்கை மறைத்துவிட்டுக் கருவியின் சிறுமையை மட்டும் புகழ்வது ஆய்வுக்கு நேர்மையாகாது.

ஆகவே, உண்மையான சிக்கனம் இழைக்கு முன்னரே தொடங்க வேண்டும். உருவின் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் தகவமை ஒளியியலை அகச்சிவப்பில் சேர்த்து, அரிசோனாவின் பெரிய இரட்டைத் தொலைநோக்கிக்கென வடிவமைக்கப்பட்ட ஐலொகேட்டர் நிறமாலைமானி, 8.4 மீட்டர் ஆடிகளின் ஒளியை ஒற்றைப்பாங்கு இழைகளில் செலுத்த முனைவது இவ்வழியிலேயே. சிறு தொலைநோக்கிகளுக்கு உருவின் ஆட்டத்தை மட்டும் திருத்தும் எளிய ஆடியும், சில பாங்குகளை மட்டும் ஏற்கும் இழையும் போதுமா என்பதையும், மெருகிடலிலும் பசையிடலிலும் நேரும் அழுத்தத்தால் இழையிலிருந்து ஒளிக்கூம்பு விரிந்து வெளிவரும் இழப்பை எவ்வளவு குறைக்கலாம் என்பதையும் இவ்வமர்வுகள் அளவீடுகளோடு விவாதிக்க வேண்டும்.