மழைக்காலத்தில் இறுகும் கதவுகள்

மும்பையில் ஜூன் மாதத்து மழை தொடங்கிச் சில வாரங்கள் கழிவதற்குள், வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கத் தொடங்குகின்றன. கொல்கத்தாவிலும் கொங்கணக் கரையிலும் இதே கதைதான். மே மாதத்தில் விரலால் தள்ளினால் திறந்த கதவு, ஜூலையில் தோள்கொடுத்தால்தான் அசைகிறது. நாம் உடனே தச்சரை அழைக்கிறோம். அவர் இழைப்புளியை எடுக்கிறார். தவறு அங்கேதான் நேர்கிறது.

ஓராண்டு நாங்களும் அவ்வாறே செய்தோம். கொல்லைக் கதவை அடைமழையில் இழைத்தோம். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு சாத்தியது. அடுத்த ஏப்ரலில் மரம் உலர்ந்து சுருங்கவே, தாழ்ப்பாள் தன் துளையை எட்டவில்லை. புதிய சட்டம் வைத்து அடிக்கும் வரையில், இரவுதோறும் கதவுக்கு முட்டாக ஒரு பெட்டியை நகர்த்திவைத்து உறங்கினோம்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது. நார் ஓடும் நீளவாக்கில் அது வளர்வது மிகச் சொற்பம், அகலவாக்கிலேயே வளர்கிறது. ஆகையால் பலகைகளை இணைத்துச் செய்த கதவு, உயரத்தில் மாறாமல், அகலத்தில் சில மில்லிமீட்டர் விரிந்துவிடும். தேக்கு குறைவாகவும், மாமரம் போன்றவை கூடுதலாகவும் விரியும். இதனை அறிந்த பழைய தச்சர்கள், சட்டக் கதவின் நடுப்பலகையை ஒட்டாமல் காடியில் தளர்வாகவே நிறுத்தினார்கள். அத்தளர்ச்சியை வேலைக் குறை என்று எண்ணி மக்கிட்டு அடைப்போர் உண்டு; அடைத்தபின் பலகை வெடிக்கும்.

எனினும், எல்லா இறுக்கமும் ஈரத்தால் வருவதன்று. மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்தாலும் கதவு சாய்ந்து, கீழ்மூலை தரையில் உரசும். திருகாணி பிடிக்காமல் சுற்றினால், பசை தோய்த்த மூங்கில் குச்சியைத் துளையில் அடித்து, காய்ந்தபின் மீண்டும் முடுக்கலாம். உரசும் இடம் தெரியாவிட்டால், நிலையில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கதவை ஒருமுறை சாத்தினால் போதும்; கதவில் வெண்மை படிந்த இடமே உரசும் இடம். அங்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தைக் கடத்திவிடலாம். போதாவிடில் உப்புத்தாளால் சிறிது தேய்க்கலாம். இழைப்பதாயின், மழை விட்டு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்வதே நலம்.

குளியலறைக் கதவுக்கு மாத்திரம் இந்தப் பொறுமை ஆகாது. சிறு குழந்தை உள்ளே சென்று சாத்திக்கொண்டு, திறக்க வலுவின்றி அழும் நிலை வரலாம். அக்கதவை அன்றே தளர்த்துங்கள். உட்தாழ்ப்பாளையும் குழந்தைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள்.

ஜன்னல்கள் பெரும்பாலும் வர்ணத்தால் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணாடியைக் குத்தித் தள்ளிக் கையைக் கிழித்துக்கொண்டோர் பலர். மெல்லிய கத்தியால் இடுக்கின் வழியே வர்ணத்தை அறுத்து, மரச்சட்டத்தின்மேல் கட்டை வைத்து மெல்லத் தட்டினால் விட்டுவிடும்.

இனி வர்ணம் பூசுவதைப் பற்றி ஒரு சொல். கதவின் இருமுகங்களையும் பளபளப்பாக்கும் நாம், மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் மறந்துவிடுகிறோம். ஈரம் மிகுதியாகப் புகும் வழி அவைதாம். வறண்ட மாதங்களில் கதவைக் கழற்றி, அவ்விரு விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு கொடுக்கவேண்டும். உங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறதா என்றறிய, ஒரு கைக்கண்ணாடியைக் கதவின் அடியில் நீட்டிப் பாருங்கள்.