தாளமும் தன்மதிப்பும்

   

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவிற்காகப் பாடுபட்டு வருகின்றது. ஆயினும், எழுத்தைப் பயிலுமுன்னரே நம் குழந்தை ஒரு பாடத்தைக் கற்றுவிடுகின்றது. அது தன் உடலைப் பற்றிய பாடம். 'கரிக்கட்டை', 'அண்டங்காக்கை' என்று தெருவும் பள்ளியும், ஏன், சில வேளைகளில் நம் வீட்டுத் திண்ணையுமே அதனைப் புகட்டுகின்றன.

நமக்கு இது வெறும் அழகைப் பற்றிய கேள்வியன்று. சாதி முதலில் கை வைத்தது உடலின் மீதே. சதாராவில் பயின்ற சிறுவர் அம்பேத்கர் வகுப்பின் மூலையில் தனிச் சாக்கின் மீது அமர்த்தப்பட்டார். தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமையும் அவருக்கு இல்லை. அன்று தீட்டு என்று ஒதுக்கப்பட்ட உடலை இன்று அழகில்லை என்று சந்தை ஒதுக்குகின்றது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, 2020இல் தன் பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. சொல் நீங்கினால் போதுமா? எண்ணம் நீங்க வேண்டாமா?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர் இருவர் 1940களில் ஓர் ஆய்வு நடத்தினர். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாதென்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவ்வாய்வையும் சுட்டியது. மூன்று வயதில் ஏறும் நஞ்சைப் பத்தாம் வகுப்பில் இறக்க முற்படுதல் காலங்கடந்த வைத்தியமன்றோ?

செவிவழி ஏறியதைச் செவிவழியே இறக்க வேண்டும். மழலைக்கு வாதம் விளங்காது, பாட்டு விளங்கும். அந்நாட்டின் 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் எழுத்தாளராக இருந்தவர் ஜோயி மஸரினோ. எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்த தம் மகள் பொன்னிறக் கூந்தலுக்கு ஏங்கியதைக் கண்டு, தன் சுருள்முடியை விரும்பும் சிறுமியின் பாட்டொன்றை 2010இல் அவர் இயற்றினார். ஒரு குழந்தைக்காகப் பிறந்த அப்பாட்டு உலகெங்கும் பரவியது.

நம் கையில் பறை இருக்கின்றது. சாவு வீட்டில் அடிமைத்தொழிலாகச் சுமத்தப்பட்டபோது அதனை மறுத்தது நம் முன்னோரின் போராட்டம். இன்று விரும்பி ஏந்துவது அவர்தம் பிள்ளைகளின் உரிமை. நெருப்பில் காய்ச்சிய பறையை அடிக்குச்சியாலும் சிண்டுக்குச்சியாலும் முழக்கும் சிறுமி, 'என் உடல் எப்படித் தோன்றுகின்றது?' என்று கேட்பதில்லை. 'என் உடலால் என்ன இயலும்!' என்று வியக்கின்றாள். தோல் நிறத்தால் ஒலிப்பதில்லை, பதத்தால் ஒலிக்கின்றது.

ஆகவே, நம் பால்வாடி ஆசிரியைகளுக்குச் சில வேண்டுகோள்கள். நாள்தோறும் பத்து நிமிடம் கண், கை, கால், தோல் ஆகியவற்றின் ஆற்றலைச் சொல்லும் எளிய பாட்டுகளைக் கைதட்டிப் பாடுங்கள். கைதட்ட இயலாத குழந்தை தலையசைத்துத் தாளமிடட்டும். நிறத்தையும் பருமனையும் திக்குவாயையும் பழிக்கும் பாட்டு எத்துணைச் சுவையாயினும் விலக்குங்கள். மேடையின் முன்வரிசை முறைவைத்து எல்லோருக்கும் கிடைக்கட்டும். கறுப்பு அழகு என்று பாடவைத்துவிட்டு, மேடையேறுமுன் அக்குழந்தையின் முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்பினால், குழந்தை பாட்டை நம்பாது, பவுடரையே நம்பும்.

தாய்மார்களே! தந்தையரே! தாலாட்டில் கண்ணே, மணியே என்கின்றோம். குழந்தை தொட்டிலை விட்டு இறங்கியதும் அச்சொற்களை நாம் நிறுத்திவிடலாகாது. தன் உடலைக் குறித்துக் கூசாத குழந்தையே வகுப்பில் எழுந்து நின்று வினாக் கேட்கும். வினாக் கேட்கும் குழந்தையை உருவாக்கவே நாம் இச்சங்கம் கண்டோம்.