பாட்டனார் துப்பாக்கியும் பாரதச் சட்டமும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரயில்வேயில் எழுத்தராயிருந்து கணக்கெழுதிப் பிழைக்கும் யாம் துப்பாக்கியைப் பற்றிப் பேச எழுந்தது கண்டு சிலர் புன்னகை புரிகின்றனர். யாம் வேட்டைக்காரருமல்லோம், போர்வீரருமல்லோம். எனினும், எம் குடும்பத்தில் நேர்ந்த ஒன்று இங்குள்ள வேறு குடும்பங்களுக்கும் நேரக்கூடும் என்பதனாலேயே இப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

நாம் வாழும் இக் கொச்சி, ஐரோப்பியரின் வெடியோசையை இந்தியாவில் முதன்முதல் கேட்ட ஊர்களுள் ஒன்றாகும். போர்ச்சுக்கீசியர் 1503-இல் இங்கே கோட்டை எழுப்பினர். 1663-இல் டச்சுக்காரரும், 1795-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர். இந் நூற்றாண்டுகளில் துப்பாக்கியும் படிப்படியாக மாறியது. முதலில் எரியும் திரியை மருந்தில் தொடுவித்துச் சுட்டனர். பின்னர்ச் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தட்டினால் வெடிக்கும் சிறு செப்புத் தொப்பி வந்தது. அதன்பின் குழலின் பின்புறத்தே தோட்டா செருகும் முறை வந்தது. மழைநாளில் திரி நனைந்தால் படை நிற்கும் என்பதை அறிந்தவர்க்கே, இம் மாற்றங்கள் அரசுகளின் வெற்றி தோல்வியை எவ்வளவு மாற்றின என்பது விளங்கும்.

பழந்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் அடையும் முதற் பயன் இவ் வரலாற்றறிவே. கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் நெஞ்சு வடிவக் குறியொன்று பொறிக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் அதனிடத்தே சிங்கக் குறி வந்தது. இக் குறியொன்றே அதன் காலத்தையும் கையாண்டோரையும் கூறிவிடும். இரண்டாவது பயன், கொல்லரும் தச்சரும் காட்டிய கைத்திறனைக் கண்டு போற்றுவது. மூன்றாவது, குடும்பத்தின் நினைவைக் காப்பது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைக் காணலாம். ஒருவர் பேணி வைத்தமையாலன்றோ பலர் காண முடிகிறது!

நிற்க. சேகரிக்கும் ஆசை மட்டும் போதாது. சட்டமும் தெரிதல் வேண்டும்.

பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பர் முதல் நாளில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை விடுத்துத் தென்னாட்டாரின் படைக்கலங்களைப் பறித்தார். லிட்டன் பிரபு காலத்தில், 1878-இல், ஆயுதச் சட்டம் வந்தது. அதில் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. நம்மவர்க்கோ உரிமம் வேண்டும். இவ் வேற்றுமையை எதிர்த்து நம் தலைவர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்தனர். சுதந்திர இந்தியா 1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2016-இல் புதிய விதிகள் வகுக்கப்பட்டன.

இச் சட்டத்தின் சாரத்தைச் சுருங்கச் சொல்வோம். உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. உரிமம் பெற 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருத்தல் கூடாது; முன்னர் இவ் வரம்பு மூன்றாக இருந்தது. முன்னோர் வழி வந்ததாயினும் இவ் வரம்பு பொருந்தும். உரிமமின்றி வைத்திருப்போர்க்கு 2 ஆண்டிற்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பழம்பொருள்களுக்கு விலக்கு இல்லையோ எனில், உண்டு. பழுதுபார்த்தாலும் சுடவியலாத பழம்பாணி ஆயுதமும், அவ்வாறே சுடவியலாத தொன்மை மதிப்புள்ள ஆயுதமும் சட்டத்திற்குப் புறம்பானவை என்று 45-ஆம் பிரிவு கூறுகிறது. 2020-இல் செய்த விதித் திருத்தம், அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களை உரிமமின்றி இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க இசைகிறது. ஆயினும், அவற்றைச் சுடவும், எடுத்துச் செல்லவும், ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்கு அனுப்பவும் உரிமம் வேண்டும். உரிமத்தில் பதியாமல் அவற்றிற்கு மருந்தோ தோட்டாவோ விற்கப்படமாட்டா. நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

பட்டாளத்தார் கழித்த துப்பாக்கிகளை வாங்கலாமோ என்று இளைஞர் சிலர் கேட்டனர். அமெரிக்காவில் 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் தொன்மையானவை என்றும், ஐம்பதாண்டு கடந்தவற்றை அரும்பொருள் என்றும் வகுத்து, சேகரிப்போர்க்குத் தனி உரிமம் வழங்குகின்றனர். வாங்கியதும் விற்றதும் அவர்கள் பேரேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். நம் நாட்டிலோ பட்டாளத்து பாயிண்ட் 303 துப்பாக்கி தடைசெய்யப்பட்ட அளவினது. அது பற்றியே இஷாபூர்த் தொழிற்சாலை, பொதுமக்களுக்கென்று பாயிண்ட் 315 அளவில் வேறு துப்பாக்கி செய்தது. குடகு நாட்டுக் குடியினர்க்கு மட்டும் அவர்தம் மரபை முன்னிட்டு 2029 வரை உரிம விலக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது. அவ் விலக்கைக் காட்டி நாம் வாதிட இயலாது.

இனி எம் கதைக்கு வருவோம்.

எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் பயிர்த்தொழில் செய்தவர். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க, குழல் வாயில் மருந்திட்டுக் கோலால் இடிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கியொன்றை உரிமத்துடன் வைத்திருந்தார். ஆயுத பூசைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவர். அவர் 1991-இல் காலமானார். எம் தந்தையார் வெளியூரில் வேலையிலிருந்தமையால் உரிமத்தை மாற்ற எவரும் விண்ணப்பிக்கவில்லை. துப்பாக்கி பரணில் ஏறியது. 2015-இல் தந்தையாரும் மறைந்தபின், வீட்டை ஒழிக்கையில் அது சாக்கில் சுற்றியபடி அகப்பட்டது.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. வழக்கு வந்து நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குமேல் காவலில் இருக்க நேரின், இரயில்வே ஊழியன் தற்காலிக நீக்கம் பெற்றவனாகவே கருதப்படுவான் என்ற விதியை அலுவலகத்தில் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறோம்! சிற்றப்பா, இருட்டில் தாமிரபரணியில் எறிந்துவிடலாம் என்றார். உறவினர் ஒருவர், பழைய இரும்போடு விற்றுவிடலாம் என்றார். எம் அன்னையார்தாம், "தாத்தா தொட்டுக் கும்பிட்ட பொருளைக் களவுப்பொருள் மாதிரி ஆத்துல போடப் போறியளா?" என்று கேட்டார். அச் சொல் எம்மைத் தடுத்து நிறுத்தியது.

ஓய்வுபெற்ற காவல்துறை நண்பர் ஒருவரைக் கலந்தோம். "தூக்கிக்கொண்டு வீதியில் போகாதீர், இருந்த இடத்தில் இருக்கட்டும், பாட்டனாரின் உரிமத்தையும் இறப்புச் சான்றையும் இணைத்து எழுதிக் கொடும்" என்றார். அவ்வாறே செய்தோம். காவலர் வந்தனர். அவருள் ஆயுதம் அறிந்த ஒருவர், குழலினுள் கோலை விட்டு ஆழம் பார்த்து, அதே கோலை வெளியே வைத்து அளந்தார். உள்ளளவு நான்கு விரற்கடை குறைந்தது. மருந்தும் ரவையும் உள்ளேயே இருந்தன! கருமருந்து ஈரம் படாவிடில் பல்லாண்டு உயிரோடிருக்குமாம். அப் பரணின் கீழேயன்றோ எம் பிள்ளைகள் விடுமுறைதோறும் விளையாடினர்! அன்னையார் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட்டார்.

எம்மீது வழக்கு வரவில்லை, பற்றுச்சீட்டு வந்தது. துப்பாக்கி மட்டும் திரும்பவில்லை. காலத்தில் விண்ணப்பித்திருந்தால் அது இன்றும் எம் இல்லத்தில் முறைப்படி இருந்திருக்கும். குறை பிறரதன்று; எம் குடும்பத்தினுடையதே. இன்று எம்மிடம் எஞ்சியிருப்பது அப் பற்றுச்சீட்டும், ஆயுத பூசையன்று எடுத்த பழைய நிழற்படமொன்றுமே.

ஆகவே, ஊரில் பழைய வீடு வைத்திருப்போர்க்குச் சில சொற்கள். ஒன்று, எப் பழந்துப்பாக்கியையும் மருந்திட்டதாகவே கருதுக. நெருப்பருகே கொண்டு செல்லற்க. நீங்களே சோதிக்கவும் முற்படற்க. இரண்டு, வைத்திருக்கும் உரிமை நீங்கியவுடன், தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். மூன்று, உரிமம் உள்ள பெரியவர் எழுபது வயது எய்தினாலும், துப்பாக்கியை இருபத்தைந்தாண்டு வைத்திருந்தாலும், வாழும்போதே தம் வாரிசுக்கு மாற்ற விதியுண்டு. மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க. நான்கு, சுடவியலாத பழம்பொருள் என்று நீங்களே முடிவு செய்யாமல், அதனை எழுத்தில் பெறுக. ஐந்து, துப்பாக்கியையோ மருந்தையோ மூட்டையில் மறைத்து இரயிலில் ஏற்றற்க. இதனை எம் பணியின் பேரால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

அகிம்சையால் விடுதலை பெற்ற நாட்டில் துப்பாக்கியைப் பேணுவானேன் என்று கேட்பாருக்கு ஒரு சொல். திருப்பூணித்துறை ஹில் பாலஸிலும், நம் மட்டாஞ்சேரி டச்சு அரண்மனையிலும் பழைய படைக்கலங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகளை ஒரு ஞாயிறன்று அழைத்துச் செல்லுங்கள். கொல்வதற்கென்று செய்த பொருளையும் கற்பதற்கென்று வைத்துக் காப்பது பண்பட்ட சமுதாயத்தின் அடையாளமென்பதை அவர்கள் அங்கே காண்பர்.