உப்பீனி நீக்கம்: வினையும் சொல்லும்



துவாஸ் என்னும் பெயர், கடலில் தென்னங்கீற்றுகளை இட்டு, அவற்றின் நிழலில் ஒதுங்கும் மீன்களைப் பிடிக்கும் முறையைக் குறித்த மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். மீன் ஒதுங்கிய அக்கரையில் இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. குப்பையெரி நிலையம் ஒன்று 1986-இலேயே அங்கு எழுந்தது. தொழிலும் கழிவும் அருகருகே உள்ள அவ்வூரை மனத்திற்கொண்டு, ஒரு வேதிவினையையும் அதற்கு நாம் வழங்கும் சொற்களையும் இன்று ஆராய்வோம்.

பென்சீன் வளையத்தில் குளோரின் ஏறிய சேர்மங்கள் பல எளிதில் சிதைவதில்லை. மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பாலிகுளோரினேற்ற பைபீனைல்கள் இவ்வகையின. மீனின் கொழுப்பில் தங்கி, உண்போர் உடலிலும் சேர்வன. போதிய வெப்பமின்றி எரித்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். 2001-இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இக்கழிவுகளை 2028-க்குள் தீங்கின்றி அகற்ற முயலுமாறு உறுப்பு நாடுகளைக் கோருகிறது.

எரிக்காமல் குளோரினை நீக்கும் வழியும் உண்டு. அலுமினியமும் நிக்கலும் சேர்ந்த உலோகக் கலவைத் தூளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்த நீரில் இடுவர். சில சேர்மங்களுக்கு, 50 விழுக்காடு செம்பும் 45 விழுக்காடு அலுமினியமும் 5 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட தேவார்டா கலவையும் உதவும். அலுமினியம் காரத்தில் கரையும்போது நீரிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும். கரையாது எஞ்சும் நிக்கலின் நுண்துளைப் பரப்பில் அது பற்றி நின்று, வளையத்தில் குளோரின் இருந்த இடத்தைப் பெறும். நீங்கிய குளோரின் காரநீரில் குளோரைடாகும். சோடியத்தோடு சேர்ந்தால் அது நாம் உணவில் இடும் உப்பேயாம்.

ஹாலஜன் என்பது, உப்பைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் கிரேக்க வேர்களால் ஆன சொல். அதனைத் தமிழில் உப்பீனி என்றனர். ஈனுதல் என்பது பெறுதல். வினையின் முடிவைப் பெயரே சொல்லிவிடுகிறது. இத்தகைய கலைச்சொல் ஆசிரியரின் பாதிச் சுமையைக் குறைக்கும்.

எல்லாச் சொல்லும் அத்தகையன அல்ல. வளையச் சேர்மங்களை நறுமணச் சேர்மங்கள் என்கிறோம். தொடக்கத்தில் அறியப்பட்ட சிலவற்றின் மணம் பற்றி எழுந்த பெயர் அது. இன்று அது வளையத்தின் அமைப்பையே குறிக்கிறது. மணம் என்றவுடன் தீங்கில்லை என்று மாணவர் எண்ணிவிடலாகாது.

நீக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். குளோரோபீனாலில் குளோரின் நீங்கினால் பீனால் எஞ்சும். அது தோலைச் சுடும். குளோரோபென்சீனில் நீங்கினால் பென்சீன் எஞ்சும்; அது புற்றுநோய் விளைப்பது. இவற்றை நுண்ணுயிர்கள் சிதைப்பது முன்னினும் எளிது; ஆயினும் நஞ்சு முற்றும் அகன்றதாகாது. ஆகவே உப்பீனி நீக்கத்தை நஞ்சு நீக்கம் என்று கற்பித்தல் பிழை.

ஆலைகளில் தமிழர் பலர் பணிபுரிகின்றனர். கலன் ஒன்றின்மேல் ‘தூய்மையாக்கப்பட்டது’ என்று எழுதுவதும், ‘குளோரின் நீக்கப்பட்டது, பீனால் உள்ளது’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. அதைத் திறப்பவர் கையுறை அணிவாரா என்பதை அவ்வெழுத்தே முடிவு செய்யும். கலைச்சொல்லைத் திருத்தமாகக் கற்பிப்போம்.